பெர்மிட் முன்னே, பொருள் பின்னே

தஞ்சோங் மாலிம் வட்டாரத்தில் ஒரு குடும்பம் பெரும்பணம் போட்டு வாங்கும் பொருள்களில் சிலவற்றுக்கு ரசீது மட்டும் போதாது. துப்பாக்கிக்குப் போலீஸ் லைசென்ஸ் வேண்டும். பிக்கப் வண்டியின் அமைப்பை மாற்றினால் சாலைப் போக்குவரத்து இலாகாவான ஜேபிஜேயின் ஒப்புதல் வேண்டும். வீட்டுச் சமையலறையைப் பின்பக்கம் நீட்டினால் மாவட்ட மன்றத்தின் பெர்மிட் வேண்டும். கடைக்காரரோ குத்தகைக்காரரோ இந்தக் காகிதத்தைப் பற்றித் தாமாக வாய் திறப்பது அரிது. பொருளை வாங்கி மாட்டிய பிறகு அனுமதிக்கு அலைபவருக்கு, கழற்றும் கூலியும் அபராதமும் சேர்ந்து வாங்கிய விலையைத் தாண்டிவிடும். துப்பாக்கி என்றால் சிறையே காத்திருக்கும்.

பேராவின் தென்கோடியில், பெர்ணம் ஆற்றங்கரையில் இருக்கும் ஊர் இது. 2016-இல் முவாலிம், பேராவின் 11-ஆவது மாவட்டமாகப் பிரிந்தபோது இந்த ஊரும் அதற்குள் வந்தது. ரப்பர்த் தோட்டங்கள் செம்பனைக்கும் வீடமைப்புத் திட்டங்களுக்கும் வழிவிட்டன. 2003-இல் புரோட்டோன் கார்த் தொழிற்சாலை திறந்தது. இன்று இங்கே பொருள் வாங்குபவர் பல வகை. பெஹ்ராங், சிலிம் ரிவர் பக்கம் சில ஏக்கர் செம்பனை வைத்திருப்பவருக்குப் பிக்கப் வண்டி தேவை. தொழிற்சாலைச் சம்பளத்தில் வங்கிக் கடன் போட்டு இணைவீடு வாங்கியவருக்குக் கேட்டும் கிரில்லும் தேவை. தோட்டத்து லயத்திலிருந்து மலிவு விலை வீட்டுக்கு வந்த குடும்பத்துக்கு முதல் தேவை, அம்மா உட்கார்ந்து அரைக்கவும் வதக்கவும் இடமுள்ள ஒரு சமையலறை.

துப்பாக்கியை முதலில் முடித்துவிடலாம். அதில் வாங்குவதற்கான ஆலோசனை குறைவு, வாங்காமலிருப்பதற்கான ஆலோசனையே அதிகம். அமெரிக்காவில் கைத்துப்பாக்கியைக் கடையில் பார்த்து, பிடித்துப் பார்த்து, விலை பேசி வாங்கலாம். மலேசியாவில் 1960-ஆம் ஆண்டு ஆயுதச் சட்டப்படி, லைசென்ஸ் இல்லாமல் துப்பாக்கியையோ தோட்டாவையோ கையில் வைத்திருப்பதே குற்றம். 7 ஆண்டு வரை சிறை, 10,000 வெள்ளி வரை அபராதம், அல்லது இரண்டும் கிடைக்கும். 1971-இல் வந்த கடுந்தண்டனைச் சட்டம் இதைவிடக் கடுமையானது. சட்டவிரோதமாகச் சுடும் ஆயுதம் வைத்திருந்தால் 14 ஆண்டு வரை சிறை, குறைந்தது 6 பிரம்படி. கொள்ளை போன்ற குற்றத்தின்போது சுட்டால், யார் மீதும் குண்டு படாவிட்டாலும் மரண தண்டனை வரை போகலாம். 2023-இல் கட்டாய மரண தண்டனை நீக்கப்பட்ட பிறகு, தூக்கா நீண்ட காலச் சிறையா என்று நீதிபதி முடிவு செய்யலாம்; அவ்வளவுதான் மாற்றம்.

இந்தக் கடுமைக்கு வேர், கம்யூனிஸ்ட் கிளர்ச்சிக்கு எதிராக அறிவித்த மலாயா அவசரகாலத்தில் இருக்கிறது. 1948-இல் வந்த விதிகளின்படி, அனுமதியின்றி ஆயுதம் வைத்திருந்தாலே தூக்கு. அந்த விதியில் உயிர் இழந்தவர்களில் தமிழர்கள் மறக்காத பெயர் எஸ்.ஏ. கணபதி. அகில மலாயா தொழிற்சங்கச் சம்மேளனத்தின் தலைவராக இருந்த அவர், ஒரு ரிவால்வரும் சில தோட்டாக்களும் வைத்திருந்ததாகக் குற்றம் சாட்டப்பட்டு 1949 மே 4 அன்று புடு சிறையில் தூக்கிலிடப்பட்டார். இந்திய அரசு பரிந்து பேசியும் பலிக்கவில்லை. தஞ்சோங் மாலிமுக்கு அந்தக் காலம் இன்னும் நெருக்கமானது. 1952 மார்ச்சில் ஊருக்கு வெளியே உடைந்த தண்ணீர்க் குழாயைச் சரிசெய்யப் போன குழு பதுங்கித் தாக்கப்பட்டு, துணை மாவட்ட அதிகாரி மைக்கேல் கோட்னர் உட்பட 12 பேர் இறந்தனர். சில நாளில் வந்த பிரிட்டிஷ் உயர் ஆணையர் ஜெனரல் டெம்ப்ளர் ஊருக்கே தண்டனை விதித்தார். நாளில் 22 மணி நேரம் ஊரடங்கு. அரிசிப் பங்கீடும் வெட்டப்பட்டது. துப்பாக்கி யார் கையில் இருக்கிறது என்பது அரசின் கேள்வியாக இருந்த ஊரில், ஆயுதம் தனியார் வாங்கும் பண்டமாக ஒருநாளும் ஆகவில்லை.

இன்றைக்குச் சாதாரண மக்களில் துப்பாக்கி லைசென்ஸ் பெறக்கூடியவர் யார் என்றால், பெரும்பாலும் பயிரைக் காக்க வேண்டிய விவசாயிதான். காட்டுப்பன்றியும் குரங்கும் இளம் செம்பனைக் கன்றைக் குடைந்து தின்றுவிடும். அதற்குக் கொடுக்கப்படுவது கைத்துப்பாக்கி அல்ல. நடுவில் மடித்துத் தோட்டா போடும் நீளக்குழல் துப்பாக்கி. செனாபாங் பாத்தா என்று எல்லாரும் சொல்வது இதைத்தான். லைசென்ஸ் கொடுக்கும் அதிகாரம் மாநிலப் போலீஸ் தலைவருடையது. நிலம் இருக்கிறதா, தேவை உண்மையா, ஆள் மேல் வழக்கு உண்டா என்றெல்லாம் பார்ப்பார்கள். காலம் முடிவதற்குள் புதுப்பிக்கவும் வேண்டும். கைத்துப்பாக்கி கேட்பவர் உயிருக்கு ஆபத்து போன்ற வலுவான காரணத்தைக் காட்ட வேண்டும். காட்டினாலும் கிடைக்கும் என்ற உறுதி இல்லை. அனுமதி கைக்கு வருமுன் எந்தக் கடையிலும் முன்பணம் கட்டுவதில் அர்த்தமில்லை. போலீஸ் தரும் லைசென்ஸ், துப்பாக்கியை வைத்திருக்கத்தான். காட்டு விலங்கை வேட்டையாட பெர்ஹிலித்தான் என்ற வனவிலங்கு இலாகாவின் லைசென்ஸ் தனி. அப்பா பெயரில் உள்ள துப்பாக்கியை மகன் எடுத்துக்கொண்டு தோட்டத்துக்குப் போனால், குற்றவாளி மகன்தான்.

இளைஞர்கள் மாட்டிக்கொள்வது பெரும்பாலும் உண்மைத் துப்பாக்கியால் அல்ல. காற்றுத் துப்பாக்கியும் சட்டத்தின் பார்வையில் ஆயுதமே. அதற்கும் லைசென்ஸ் வேண்டும். பிளாஸ்டிக் குண்டு போடும் ஏர்சாஃப்ட், அச்சு அசலாகத் தோன்றும் போலித் துப்பாக்கி ஆகியவற்றைச் சில அண்டை நாடுகளில் கடையில் வாங்கலாம் என்பதால், இணையத்தில் ஆர்டர் கொடுத்தால் என்ன என்று தோன்றும். போலி ஆயுதம் வைத்திருப்பதற்கே ஓர் ஆண்டு வரை சிறை, 5,000 வெள்ளி வரை அபராதம் என்று அதே 1960 சட்டத்தில் இருக்கிறது. பார்சலின் மேல் பொம்மை என்று எழுதியிருப்பது வழக்கில் உதவாது. வீட்டுப் பாதுகாப்புக்காகத் துப்பாக்கியை நினைப்பவர், அந்தப் பணத்தை நல்ல பூட்டிலும் விளக்கிலும் போடுவதே புத்திசாலித்தனம்.

பிக்கப் வண்டிக்கு வந்தால் பேச்சு நீளும். டொயோட்டா ஹைலக்ஸ், இசுசு டி-மேக்ஸ், மிட்சுபிஷி டிரைட்டன், ஃபோர்ட் ரேஞ்சர் எதுவாக இருந்தாலும் மக்கள் வாயில் எல்லாம் ஃபோர் வீல்தான், நான்கு சக்கரத்துக்கும் விசை போகாத வண்டி உட்பட. வாங்கிய வாரமே பக்கப் படி, முன் கம்பி, கூரை ராக், மூடி என்று ஒவ்வொன்றாக ஏறும். இதில் எது வேண்டும், எது வேண்டாம் என்பதற்கு ஒரே அளவுகோல்தான், எடை.

ஓட்டுநர் கதவைத் திறந்தால் தூணிலோ கதவு விளிம்பிலோ ஒரு தகட்டில் அல்லது ஒட்டுத்தாளில் டயர்க் காற்றழுத்தமும் வண்டியின் அதிகபட்ச மொத்த எடையும் இருக்கும். சரக்கு வண்டிகளில் பிடிஎம் என்று குறிப்பதும் இந்த மொத்த எடையைத்தான். அதிலிருந்து வெறும் வண்டியின் எடையைக் கழித்தால் மிஞ்சுவது, ஆளும் சரக்கும் துணைக்கருவியும் சேர்த்து ஏற்றக்கூடிய பாரம். இரட்டைக் கேபின் வண்டிகளில் இது ஏறக்குறைய ஒரு டன். சிலவற்றில் அதற்கும் குறைவு. ஆயிரம் கிலோ என்றே வைத்துக்கொண்டு கணக்குப் போட்டுப் பார்க்கலாம். ஐந்து பெரியவர்கள் 350 கிலோ. இரும்பு முன் கம்பி, வின்ச், பின் மூடி, ராக் எல்லாம் சேர்ந்து 200 கிலோ. மிச்சம் 450. ஒரு செம்பனைக் குலை 20 கிலோ என்றால் 22 குலையோடு வண்டி நிறைந்துவிட்டது. அழகுக்கு மாட்டிய இரும்பு, ஒவ்வொரு நடையிலும் 10 குலைக்கான இடத்தைத் தின்றுவிடுகிறது.

பின் ஸ்பிரிங் பட்டைக்குக் கூடுதல் இலை போட்டால் பாரம் தாங்கும் என்று வெர்க்‌ஷாப்பில் சொல்வார்கள். பின்பக்கம் தாழாமல் நிற்கும், அது உண்மை. ஆனால் அனுமதித்த மொத்த எடை ஒரு கிலோகூட உயராது. பிரேக், அச்சு, டயர் எல்லாம் பழைய அளவிலேயே இருக்கின்றன. கூடுதல் பட்டை செய்வதெல்லாம், அளவு மீறிய பாரத்தைக் கண்ணுக்குத் தெரியாமல் மறைப்பதுதான். சிலிம் பக்கத்து இறக்கத்தில் ஈரச் சாலையில் பிரேக் அடிக்கும்போது அந்த மறைப்பு வெளுத்துவிடும்.

எடைக்கு எரிபொருள் செலவும் உண்டு. 2024 ஜூன் 10-இல் தீபகற்ப மலேசியாவில் டீசல் மானியம் மாற்றப்பட்டு, லிட்டர் 2.15 வெள்ளியிலிருந்து 3.35 வெள்ளிக்கு ஒரே இரவில் ஏறியது. தகுதியுள்ள வண்டிக்காரருக்கும் சிறு தோட்டக்காரருக்கும் புடி மடானி உதவியாக மாதம் 200 வெள்ளி அறிவிக்கப்பட்டது. அதன் பிறகும், காலியாக ஓடும்போதும் சுமக்கும் இரும்புக்காக டீசல் எரிப்பது கட்டுப்படியாகுமா என்று கேட்டுக்கொள்வது நல்லது.

பணம் போட வேண்டிய இடம் டயர். கடையில் புதியது என்று எடுத்து வைக்கும் டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் பொறித்திருக்கும். 2324 என்றால் 2024-ஆம் ஆண்டின் 23-ஆவது வாரத்தில் செய்தது. மலிவு விலையில் கிடைக்கும் முரட்டு டயர் பல நேரங்களில் மூன்று, நான்கு ஆண்டு கடையில் கிடந்து இறுகிய ரப்பராக இருக்கும். டயரின் அளவைக் குறிக்கும் எண்ணுக்கு அருகில் பாரக் குறியீடும் இருக்கும். கார் டயருக்குரிய குறைந்த குறியீடுள்ள டயரைப் பெரிய ரிம்மில் போட்டுச் சரக்கு ஏற்றுவது வெடிப்புக்கு வழி. சேற்றுக்கான பெரிய பற்கள் கொண்ட டயர் தோட்டப் பாதையில் பிடிக்கும். தார்ச் சாலையிலோ இரைச்சலோடு ஓடும், மழையில் வழுக்கும், சீக்கிரம் தேயும். தினமும் தொழிற்சாலைக்குப் போய் வந்து வாரத்துக்கு ஒருமுறை தோட்டத்துக்குள் போகிறவருக்கு இரண்டுக்கும் பொதுவான டயரே போதும்.

பின் தொட்டிக்கு உறை போடுவதில் இரண்டு வகை. வார்த்த பிளாஸ்டிக் உறையை அப்படியே இறக்கி வைக்கலாம், விலை குறைவு. ஆனால் உறைக்கும் தகட்டுக்கும் நடுவே மழைநீரும் மண்ணும் தேங்கும். மலையடிவார மழையில் ஓராண்டு கழித்து உறையைத் தூக்கினால் திட்டுத் திட்டாகத் துரு. தெளித்து ஒட்டும் பூச்சு விலை கூடினாலும் தகட்டோடு ஒட்டிக்கொள்வதால் நீர் புகாது. பூசுமுன் தகட்டைத் தேய்த்துக் காயவைத்தார்களா என்று நின்று பார்க்க வேண்டும். ஈரத்தின் மேல் தெளித்தால் தோல்போல உரிந்து வரும். பிளாஸ்டிக் உறை ஏற்கெனவே இருந்தால், ஆண்டுக்கு இருமுறை கழற்றிக் கழுவி, நீர் போகும் துளைகளைத் திறந்து வைத்தாலே பாதிப் பிரச்சினை தீரும்.

ஜேபிஜே சோதனையில் பிக்கப் வண்டிகள் மாட்டுவது பெரும்பாலும் விளக்கிலும் கண்ணாடியிலும்தான். கூரையில் நீளமாக மாட்டும் எல்இடி விளக்கு, எதிரே மோட்டார் ஓட்டி வருபவரின் கண்ணைக் குருடாக்கும். பொதுச் சாலையில் அதற்கு இடமில்லை. கறுப்புக் கண்ணாடி விதி 2019-இல் தளர்ந்தது. முன் கண்ணாடி 70 விழுக்காடு ஒளியை விட வேண்டும், முன் பக்கக் கதவுக் கண்ணாடிகள் 50 விழுக்காடு. பின்பக்கம் எவ்வளவு கறுப்பானாலும் சரி. கடைக்காரர் ஒட்டும் படலத்தின் அளவை மட்டும் சொல்வார். கண்ணாடிக்கே கொஞ்சம் நிறம் உண்டு என்பதால் இரண்டும் சேர்ந்து வரும் அளவைக் கருவி வைத்துக் காட்டச் சொல்ல வேண்டும். வண்டியை உயர்த்துவது, இன்ஜினை மாற்றுவது, கிராண்ட் என்ற பதிவுச் சான்றில் உள்ள நிறத்தை மாற்றுவது ஆகியவற்றுக்கு முன்கூட்டியே ஒப்புதல் தேவை. காப்புறுதி நிறுவனத்துக்கும் சொல்லிவிட வேண்டும். சொல்லாத மாற்றம் விபத்துக்குப் பிறகு இழப்பீட்டுப் பேச்சில்தான் வெளிவரும்.

முன்னால் மாட்டும் இரும்புக் கம்பியைப் பற்றித் தனியாகச் சொல்ல வேண்டும். காட்டு வழியில் மாடோ பன்றியோ மோதினால் ரேடியேட்டர் தப்பும் என்பது அதன் நியாயம். ஊருக்குள் மோதப்படுவது பாதசாரி. வண்டியின் முன்பகுதி நசுங்கி அடியை வாங்கிக்கொள்ளும்படி வடிவமைத்திருக்க, கெட்டிக் கம்பி அந்த அடியை எதிரே உள்ளவர் மேல் முழுதாக இறக்கும். காற்றுப்பை விரியும் நேரத்தையும் குழப்பலாம். ஐரோப்பிய ஒன்றியம் 2005-இலேயே இவற்றுக்குக் கட்டுப்பாடு கொண்டுவந்தது அதனால்தான். பள்ளி வாசலில் பிள்ளையை இறக்கிவிடும் வண்டிக்கு இந்தக் கம்பி தேவையே இல்லை.

துணைக்கருவிக்கு ஒதுக்கிய பணத்தில் ஒரு பங்கைத் திருட்டுத் தடுப்புக்கு வைக்கலாம். ஹைலக்ஸ் இந்த நாட்டுத் திருடர்களுக்கு மிகப் பிடித்த வண்டிகளில் ஒன்று. திருடியவர் தப்பிக்க ஊரை ஒட்டியே நெடுஞ்சாலையும் ஓடுகிறது. கியர்ப் பூட்டும், மறைத்து வைத்த ஜிபிஎஸ் கருவியும் கண்ணுக்கு அழகு சேர்க்காது என்பதால்தான் கடைகள் அவற்றை முன்வரிசையில் வைப்பதில்லை.

வீட்டு வேலையில் போகும் பணம் இந்த இரண்டையும் விடப் பெரியது, ஏமாற்றமும் பெரியது. முதலில் எந்த அலுவலகம் என்பதைத் தெரிந்துகொள்ள வேண்டும். ஆற்றுக்கு இக்கரையில் இருந்தால் தஞ்சோங் மாலிம் மாவட்ட மன்றம். பாலம் தாண்டி உலு பெர்ணத்தில் வீடு என்றால் மாநிலமே சிலாங்கூர். உலு சிலாங்கூர் நகராண்மைக் கழகத்துக்குத்தான் போக வேண்டும். இரண்டு இடத்திலும் அடிப்படைச் சட்டம் ஒன்று, 1974-ஆம் ஆண்டின் சாலை, வடிகால், கட்டடச் சட்டம். சுவரை இடிப்பது, புதிதாகக் கூரை போடுவது, பின்பக்கம் நீட்டுவது போன்ற அமைப்பு வேலைகளுக்குத் திட்டம் கொடுத்து அனுமதி வாங்க வேண்டும். ஓடு மாற்றுவது, சாயம் அடிப்பது போன்றவை சிறு வேலை. நடுவில் உள்ளவற்றை, முக்கியமாக முன் வாசல் கூரையை, மன்றத்தில் நேரில் கேட்டுவிடுவதே சரி. அண்டை வீட்டுக்காரர் செய்திருக்கிறார் என்பது அனுமதி ஆகாது. அவர் வீட்டுக்கும் ஒருநாள் நோட்டீஸ் வரலாம்.

புது வீடு என்றால் அவசரப்படக்கூடாத காரணம் இன்னொன்றும் உண்டு. வீட்டை ஒப்படைத்த நாளிலிருந்து 24 மாதத்துக்குக் கட்டுமானக் குறைகளை மேம்பாட்டாளர் தம் செலவில் சரிசெய்ய வேண்டும் என்று விற்பனை ஒப்பந்தம் சொல்கிறது. சாவி வாங்கிய வாரமே சுவரை உடைத்தால், விரிசல் யாரால் வந்தது என்ற தகராறு தொடங்கும். முதலில் குழாயைத் திறந்துவிட்டு, ஓட்டைத் தட்டிப் பார்த்து, மழை நாளில் கூரை மூலைகளைக் கவனித்து, குறைகளைப் படத்தோடு எழுதிக் கொடுத்துவிட வேண்டும். சுத்தியல் அதற்குப் பிறகு.

சமையலறை நீட்டிய வீடுகளில் பழைய சுவரும் புதுச் சுவரும் சேரும் இடத்தில், மேலிருந்து கீழ்வரை விரல் நுழையும் அளவுக்கு ஒரு பிளவு ஓடுவதைப் பல வீடமைப்புகளில் பார்க்கலாம். சிமெண்ட் கலவை மோசம் என்று குத்தகைக்காரரைத் திட்டுவார்கள். காரணம் பெரும்பாலும் மண்ணுக்கு அடியில். மூல வீடு ஆழமான அடித்தளத்தின் மேல் நிற்கிறது. நீட்டிய பகுதி மேல்மண்ணில் போட்ட காங்கிரீட் தளத்தின் மேல் உட்கார்ந்திருக்கிறது. நிரப்பிய மண் மெல்ல இறங்க, புதுப் பகுதி மட்டும் கூடவே இறங்கிப் பழைய சுவரிலிருந்து விலகுகிறது. பிளவைப் பூசி மூடினால் அடுத்த ஆண்டு மறுபடியும் திறக்கும். விலை கேட்கும்போதே அடித்தளம் எப்படி, எத்தனை அடி ஆழம், பழைய சுவரோடு கட்டுவார்களா அல்லது அசைவதற்கு இடைவெளி விட்டு ரப்பர் நிரப்புவார்களா என்று கேட்க வேண்டும். பின்பக்கக் கழிவுநீர்க் குழியின் மேல் தளம் போட்டு மூடிவிடுவதும் அடிக்கடி நடக்கிறது. அடைப்பு வரும் நாளில் புது ஓட்டை உடைத்துத்தான் அதைத் திறக்க முடியும்.

பழைய தோட்ட நிலத்தில் எழுந்த வீடுகளுக்குக் கரையான் தனிப் பிரச்சினை. ரப்பர் மரத்தை உயிரோடு தாக்கும் காப்டோடெர்மிஸ் கர்விக்னாதஸ் என்ற கரையானைத் தோட்டக்காரர்கள் நெடுங்காலமாக அறிவார்கள். வீடுகளைத் தின்பது பெரும்பாலும் அதன் உறவான காப்டோடெர்மிஸ் கெஸ்ட்ரோய். நிலத்தைச் சமன்படுத்தும்போது புதைந்துபோன வேரும் கட்டையும் இவற்றுக்குக் கிடைத்த தயார்ச் சோறு. சுவரடியில் பென்சில் கனத்தில் மண் குழாய் ஏறுகிறதா, கதவு நிலையைத் தட்டினால் பொள்ளென்று ஒலிக்கிறதா என்று மாதம் ஒருமுறை பார்த்தால் போதும். குழாயை உடைத்துவிட்டுக் கடை மருந்தை அடிப்பது வேலைக்காரக் கரையானைத் திசைமாற்றும்; மண்ணுக்குள் உள்ள கூட்டை ஒன்றும் செய்யாது. இரைப்பெட்டி வைத்துக் கூட்டையே அழிப்பதோ, தளத்தைச் சுற்றித் துளையிட்டு மருந்து ஏற்றுவதோ தொழில் தெரிந்த நிறுவனத்தின் வேலை. எத்தனை ஆண்டு உத்தரவாதம், திரும்ப வந்தால் யார் செலவு என்பதை எழுத்தில் வாங்க வேண்டும்.

இதனால்தான் சமையலறை அலமாரி வாங்கும்போது எந்தப் பொருளால் செய்தது என்பது முதல் கேள்வியாகிறது. பால் வற்றிய மரங்களை வெட்டிச் செய்யும் ரப்பர் மரச் சாமான்கள் மலேசியாவின் பெரிய ஏற்றுமதி. பார்க்க அழகு, விலையும் நியாயம். மாவுச்சத்து மிகுந்த மரம் என்பதால் மருந்தேற்றாவிட்டால் பூச்சியும் பூசணமும் சீக்கிரம் பிடிக்கும். வரவேற்பறைக்கு ஏற்றது, தண்ணீர்த் தொட்டியின் கீழே வைக்க அல்ல. மரத்தூளை அழுத்திச் செய்த பலகை இன்னும் மோசம், ஒருமுறை நனைந்தால் பொங்கிவிடும். தினமும் கழுவித் தள்ளும் நம் சமையலறைக்கு அலுமினிய அலமாரி பொருந்தும். கரையானுக்கும் அதில் வேலை இல்லை. வெளிவாசலுக்குச் செங்கால் மரத்துக்கு ஈடு இல்லை. அதன் விலை கேட்டவர்கள் பாலாவு மரத்துக்கு இறங்கி வருவார்கள்.

பழைய வீட்டைப் புதுப்பிப்பவர்கள் கூரைத் தகட்டையும் சீலிங்கையும் கவனமாகத் தொட வேண்டும். சில பத்தாண்டுகளுக்கு முன் கட்டிய வீடுகளில் சாம்பல் நிறத்தில் இருக்கும் சிமெண்ட் தகடு அஸ்பெஸ்டாஸ் கலந்ததாக இருக்கலாம். அப்படியே இருந்தால் பெரிய ஆபத்தில்லை. அறுத்தாலும் துளைத்தாலும் உடைத்தாலும் பறக்கும் நுண்ணிழை நுரையீரலில் தங்கி, பல ஆண்டு கழித்துப் புற்றுநோயாகலாம். நனைத்து, முழுத் தகடாகக் கழற்றி, பொட்டலம் கட்டி அப்புறப்படுத்தத் தெரிந்தவரிடம் விட வேண்டிய வேலை இது.

மின்சாரத்தில் சிக்கனம் பார்க்கவே கூடாது. எரிசக்தி ஆணையத்தில் பதிந்த மின்குத்தகைக்காரரே வேலை செய்ய வேண்டும். குளியலறை வாட்டர் ஹீட்டருக்கு 10 மில்லிஆம்பியர் கசிவிலேயே துண்டிக்கும் பாதுகாப்புச் சுவிட்ச் தனியாக இருக்க வேண்டும். மற்றப் பிளக்குகளுக்கு 30 மில்லிஆம்பியர். அந்தப் பெட்டியில் உள்ள சோதனைப் பொத்தானை மாதம் ஒருமுறை அழுத்தினால் டப்பென்று விழ வேண்டும்; விழாவிட்டால் அது வெறும் அலங்காரம். வாங்கும் கருவியில் தரச் சான்றான சிரிம் முத்திரை இருக்கிறதா என்று பார்க்க வேண்டும். தானியங்கிக் கேட்டின் மின்பலகை இடி மின்னலில் எரிந்துபோவது இங்கே அன்றாடக் கதை. மின்னெழுச்சித் தடுப்பும், மின்சாரம் இல்லாதபோது கையால் திறக்கும் சாவியும் விலையில் சேர்ந்திருக்கிறதா என்று கேட்டு வாங்கலாம். கிரில் போட்ட வீடுகளில் தீ விபத்தின்போது வெளியேற வழியின்றி உயிர் போன சம்பவங்கள் நாட்டில் நடந்திருக்கின்றன. ஒரு படுக்கையறை ஜன்னல் கிரில்லாவது உள்ளிருந்து திறக்கும்படி அமைத்து, சாவியை அதன் அருகிலேயே பிள்ளைகளுக்கும் தெரிந்த இடத்தில் மாட்டி வைக்க வேண்டும்.

குத்தகைக்காரரைத் தேர்ந்தெடுக்கும்போது மலிவான கொட்டேஷனைவிட விவரமான கொட்டேஷன் மேல். சமையலறை நீட்டிப்பு மொத்தம் இவ்வளவு என்ற ஒரே வரியில் எதுவும் பிடிபடாது. எத்தனை சதுர அடி, எந்தக் கனத் தகடு, எந்த ஓடு, குப்பை அகற்றுவது யார், பெர்மிட் யார் எடுப்பது என்று வரிவரியாக இருக்க வேண்டும். கட்டுமானக் குத்தகைக்காரர், கட்டுமானத் தொழில் மேம்பாட்டு வாரியமான சிஐடிபியில் பதிவு பெற்றிருப்பது 1994-ஆம் ஆண்டுச் சட்டப்படி கட்டாயம். மிகச் சிறிய நிலையான ஜி1 பெற்றவர்கூட 2 லட்சம் வெள்ளி வரை வேலை எடுக்கலாம் என்பதால், சாதாரண வீட்டு வேலைக்கு அதற்கு மேல் தேடத் தேவையில்லை. ஓடு வாங்கும்போது ஒரே தொகுப்பு எண்ணில் பத்தில் ஒரு பங்கு கூடுதலாக எடுத்து வைப்பது நல்லது. அடுத்த தொகுப்பில் நிறம் மாறியே வரும்.

பணத்தைக் கொடுக்கும் முறைதான் குத்தகைக்காரரை வேலைக்கு வரவைப்பது. தீபாவளிக்கு முன் முடித்துத் தருகிறேன் என்று பாதிப் பணத்தை முன்பணமாக வாங்கிக்கொண்டு, இரண்டு வரிசைச் செங்கல்லோடு வேறு வேலைக்குப் போய்விடுவது பரவலான புகார். முன்பணம் பத்து, பதினைந்து விழுக்காட்டைத் தாண்டாமல், அடித்தளம், சுவர், கூரை, ஓடு என்று முடிந்த கட்டத்துக்கு மட்டும் கொடுத்து, கடைசிப் பத்து விழுக்காட்டை ஒரு மழைக்காலம் பார்த்த பிறகு கொடுப்பதாக எழுதிக்கொள்ளலாம். தெரிந்தவர், சொந்தக்காரர் என்பதற்காக எழுத்தை விட்டுவிடுவதில்தான் அதிகம் மனஸ்தாபம் வருகிறது. வாங்கும் பணத்துக்கு ரசீதில் கையெழுத்துப் போடத் தயங்குபவரிடம் வேலையைக் கொடுக்காமலிருக்கலாம்.

அப்படியும் ஏமாந்தால், வழக்கறிஞர் இல்லாமலே போகக்கூடிய இடம் மலேசியப் பயனீட்டாளர் கோரிக்கை நடுவர் மன்றம். சொந்த உபயோகத்துக்கு வாங்கிய பொருளிலும் சேவையிலும் வந்த நட்டத்துக்கு 50,000 வெள்ளி வரை கேட்கலாம். 2019 வரை இந்த உச்சவரம்பு 25,000 வெள்ளியாக இருந்தது. பதிவுக் கட்டணம் 5 வெள்ளி. பிரச்சினை எழுந்து மூன்று ஆண்டுக்குள் போக வேண்டும். உரிந்துபோன தொட்டிப் பூச்சு, பொங்கிய அலமாரி, பாதியில் நின்ற கூரை எல்லாமே இங்கே கொண்டுபோகக்கூடியவை. கொட்டேஷன், ரசீது, கைப்பேசிச் செய்திகள், தேதியோடு எடுத்த படங்கள் ஆகியவையே சாட்சி. தீர்ப்பை 14 நாளுக்குள் நிறைவேற்றாத வியாபாரி அதற்காகவே தனியாகக் குற்றம் சாட்டப்படலாம்.